மலையிலிருந்து கடலுக்கு: ஒரு கோடைப் பயணத் திட்டம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் பெரியோர் வாக்கு. ஆற்றில் இறங்குபவனுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. மோட்டார் சைக்கிளில் ஏறுபவனுக்கும் அது பொருந்தும் என்பதை நான் பட்டறிந்தேன். அந்த அனுபவத்தையும், அதன் பின்னர் நானும் என் வகுப்புத் தோழனும் சேர்ந்து வகுத்த ஒரு நெடும்பயணத் திட்டத்தையும் நம் கல்லூரி மலரின் வாயிலாக மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன். கோடை விடுமுறையில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்வர வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை?

எனது ஊர் நாகலூர். ஏற்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே உள்ள சேர்வராயன் மலைக் கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடலை நேரில் பார்த்த ஆள் இதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

சென்ற ஆண்டு தேர்வு முடிந்த மறுநாள், தாய்மாமனின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, நாகப்பட்டினம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நானும் தோழனும் கிளம்பிவிட்டோம். திட்டம் ஏதுமில்லை. சேலத்தில் இட்லி சாப்பிட்டு எழும்போதே மணி ஒன்பதரை. நாமக்கல், தொட்டியம் கடந்து முசிறியைத் தாண்டும்போது உச்சி வெயில். மலைக்குளிரில் வளர்ந்த உடம்பு எனக்கு. கண் இருண்டது, வண்டியை ஓரம் கட்டுவதற்குள் வாந்தி வந்துவிட்டது. புளியமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் என்னைச் சாக்கில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மாலை வரை பார்த்துக்கொண்டார். காசு கொடுத்தபோது நுங்குக்கு மட்டுமே வாங்கிக்கொண்டார். இருட்டில் மலையேறி வீடு வந்தோம். சேலத்தில் நண்பன் வீட்டில் இருந்ததாகப் பொய் சொன்னேன்.

இந்த ஆண்டு அப்படிப் போகக் கூடாது என்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். வழி, தூரம், பெட்ரோல், தங்குமிடம் என்று நாற்பது பக்கம் எழுதினோம். பெருமையுடன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் படித்தவர் அல்லர். ஆனால் முப்பது ஆண்டுகளாக மலைச் சாலையில் லோடு ஜீப் ஓட்டுபவர். முழுவதும் கேட்டுவிட்டு, "போறதெல்லாம் நல்லா எழுதியிருக்க கண்ணு. எங்க நிக்கணும், எப்பத் திரும்பணும்னு ஒரு வரி எழுதியிருக்கியா?" என்றார். அப்படி ஒரு வரி அந்த நாற்பது பக்கத்தில் இல்லை. முசிறியில் நடந்ததை அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தம்மா இல்லாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின் திட்டத்தை மீண்டும் முதலிலிருந்து எழுதினோம். பயணத் திட்டம் என்பது எங்கே போகிறோம் என்று எழுதுவது மட்டும் அன்று. எங்கே நிற்போம், எதைக் கண்டால் திரும்புவோம் என்பதை வீட்டிலிருக்கும்போதே, தலை குளிர்ச்சியாக இருக்கும்போதே முடிவு செய்து வைப்பதாகும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

வழி

நம் மாநிலத்துக் கடற்கரை என்றதும் மெரினாவைப் போன்ற நீண்ட மணல்வெளிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தெற்கே செல்லச் செல்ல அந்தக் கரை பல முகம் காட்டுகிறது. வேதாரண்யத்தில் உப்பளம், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு, தனுஷ்கோடியில் இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் நாக்கு, தூத்துக்குடிக்குத் தெற்கே செம்மணல் தேரி, மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிய குன்று, முட்டத்தில் அலை மோதும் பெரும்பாறைகள். இந்தக் கரடுமுரடான கரையை ஒட்டிச் செல்வதே எங்கள் நோக்கம்.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் புறப்பாடு. பத்து நாட்கள், ஏறத்தாழ 1,600 கி.மீ. முதல் நாள் நாகலூரிலிருந்து சேலம், திருச்சி வழியாகத் தஞ்சாவூர். இரண்டாம் நாள் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். மூன்றாம் நாள் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா, மீமிசல் வழியாகத் தொண்டி. நான்காம் நாள் தேவிபட்டினம், இராமநாதபுரம், இராமேசுவரம். ஐந்தாம் நாள் தனுஷ்கோடி சென்று வந்து ஓய்வு. ஆறாம் நாள் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. ஏழாம் நாள் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. எட்டாம் நாள் முட்டம், குளச்சல் பார்த்துவிட்டு நாகர்கோவில். ஒன்பதாம் நாள் திருநெல்வேலி வழியாக மதுரை. பத்தாம் நாள் திண்டுக்கல், கரூர், சேலம், வீடு.

நாளொன்றுக்கு இத்தனை கி.மீ. என்று ஒரே அளவாகப் பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்கரச் சாலையில் 240 கி.மீ. செல்வதும், ஊர்களினூடே போகும் கரையோரச் சாலையில் 150 கி.மீ. செல்வதும் ஏறத்தாழ ஒரே உழைப்புத்தான். நடுவில் ஒரு நாள் ஓய்வு வைத்ததும் உடம்புக்காகத்தான்.

ஒவ்வொரு பகுதிக்கும் விலகிச் செல்லும் வழி ஒன்றையும் குறித்திருக்கிறோம். தஞ்சையில் நின்றால் வந்த வழியே திரும்பலாம். இராமநாதபுரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மதுரைக்கு நேரான பெருஞ்சாலைகள் உண்டு. மதுரை வந்துவிட்டால் வீடு ஒரு நாள் தூரம்.

வெயில்

மே மாதத்தில் ஏன் போக வேண்டும் என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். ஏப்ரல் வரை தேர்வு. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையை எட்டும். அதன் காற்றும் அலையும் குமரிக் கரையிலும் தெரியும். எனவே எங்களுக்குக் கிடைப்பது கத்திரி வெயில் காலம் மட்டுமே. வெயிலைத் தவிர்க்க இயலாது. ஆனால் வெயில் நேரத்தைத் தவிர்க்கலாம்.

இதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒரு முன்மாதிரி உண்டு. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தொண்டர் படையுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏப்ரல் 13ஆம் நாள் புறப்பட்டு 28ஆம் நாள் அங்கே சேர்ந்தனர். ஏறத்தாழ 150 மைல். சித்திரை வெயிலில், அரசின் தடைகளுக்கு நடுவே ஒரு படை பதினைந்து நாளில் அத்தூரத்தைக் கடந்தது வெறும் வீரத்தால் மட்டும் அன்று. நாளுக்கு இவ்வளவு தூரம், இன்ன ஊரில் தங்கல் என்ற ஒழுங்கும் சேர்ந்ததால்தான். எங்கள் இரண்டாம் நாள் பயணம் அந்த வேதாரண்யத்தில் முடிகிறது.

எங்கள் ஒழுங்கு இது: காலை ஐந்தரைக்குப் புறப்பாடு; பத்து மணிக்கு எந்த ஊராயினும் வண்டி நிற்கும்; மாலை நான்கு முதல் ஆறு வரை மீதித் தூரம். இரவில் ஓட்டுவதில்லை.

கடற்கரையில் காற்று வீசுகிறதே, வெயில் உறைக்காதே என்று எண்ணிவிடக் கூடாது. நம் உடல் குளிர்வது வியர்வை ஆவியாவதால். கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஆகவே வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் வெப்பம் தணியாமல் நீரும் உப்பும் மட்டும் வெளியேறிக்கொண்டே இருக்கும். மலையில் வாழும் எங்களைப் போன்றோர்க்கு இது இன்னும் கடினம். எனவே ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்த கரைசலைக் காலையிலேயே தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை சிறிது குடித்துவர வேண்டும்.

வண்டி

மாமாவின் வண்டி நூறு சி.சி. ஸ்ப்ளெண்டர், பழைய கார்புரேட்டர் வகை. இதை வைத்துக்கொண்டு நெடும்பயணமா என்று சிலர் சிரித்தார்கள். எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுதுபார்க்கத் தெரிந்த வண்டி, எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும் வண்டி இதுவே என்பது எங்கள் பதில்.

வகுப்பில் படித்த பாடம் இங்கே கைகொடுத்தது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர். வண்டி, நாங்கள் இருவர், மூட்டை எல்லாம் சேர்ந்து 245 கிலோ. 1,200 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 29 லட்சம் ஜூல். பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் இது! இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பினால் இதில் பெரும்பகுதி அந்தச் சிறு டிரம்முக்குள் இறங்கும். பிரேக் கட்டை சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். அப்பா இதை ஜூல் கணக்கு இல்லாமலே சொல்லுவார்: "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்ல இறங்கு."

அடுத்தது காற்றின் அடர்த்தி. ஏற்காட்டு உயரத்தில் அது கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. மலைப் பட்டறையில் இங்குள்ள காற்றுக்கு ஏற்பச் சரிசெய்த கார்புரேட்டர், கீழே அடர்ந்த காற்றை உறிஞ்சும்போது பெட்ரோலின் பங்கு குறைந்து எஞ்சின் சூடேற இடமுண்டு. ஆகவே வண்டியைச் சேலத்தில் ஒருமுறை காட்டிச் சரிசெய்துகொண்டு புறப்படுவோம்.

டயர்க் காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். 27 பாகை செல்சியசில் 28 பவுண்டு இருந்த காற்று, டயர் 57 பாகைக்குச் சூடேறியதும் 32 பவுண்டு காட்டும். இது வாயு விதிப்படி நிகழ்வது, கோளாறு அன்று. மிகுந்துவிட்டதென்று பயந்து நண்பகலில் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும்.

வேகத்துக்கும் ஒரு கணக்குப் போட்டோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும்போது குறுக்கே ஆடு வந்தால், கண் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி. அதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். பிறகு நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 28 மீட்டர். ஆக 45 மீட்டர். அதே வண்டி 40 கி.மீ. வேகத்தில் வந்தால் 23 மீட்டரில் நின்றுவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் இரு மடங்காகிறது. தனுஷ்கோடிச் சாலையிலும் தேரிப் பகுதியிலும் காற்று மணலை வாரித் தாரின்மேல் இறைக்கும். அங்கே உராய்வு பாதியாகக் குறைந்தால், 40இல் வந்தாலும் நிற்க 36 மீட்டர் வேண்டும். எனவே எங்கள் உச்ச வேகம் நல்ல சாலையில் 50, மணல் கண்ட இடத்தில் 25. இருவருக்கும் தலைக்கவசம் உண்டு.

உப்புக் காற்று இரும்பின் எதிரி. கரையோரம் தங்கும் ஒவ்வொரு மாலையும் வண்டியை நன்னீரால் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விடுவது தோழனின் பொறுப்பு.

கடல்

மலையில் பிறந்தவனுக்குக் காட்டின் குறி தெரியும். கடலின் குறி தெரியாது. இந்தப் பகுதியைத்தான் நாங்கள் மிகுந்த கவனத்துடன் படித்தோம்.

பாம்பனில் தீவுக்குச் செல்லும் இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கி.மீ.க்கு மேல். அங்கே பக்கவாட்டுக் காற்று பலம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே பாலத்தில் மெதுவாக, முந்தாமல், நடுவில் நிறுத்தாமல் செல்ல வேண்டும். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டது. அச்சாலையின் இருபுறமும் உள்ள கடலை அங்குள்ளோர் ஆண் கடல், பெண் கடல் என்கின்றனர். மன்னார் வளைகுடா ஆண் கடல். பாக் நீரிணை பெண் கடல். மே மாதத்தில் ஆண் கடல் சீறத் தொடங்கும். பக்கத்திலேயே மற்றது குளம் போல் கிடக்கும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அந்தத் தனுஷ்கோடி அழிந்ததை நாம் அறிவோம். பாம்பனிலிருந்து சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயில், ஊரை எட்டும் முன்பே பேரலையில் மூழ்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எதிரே என்ன வருகிறது என்பதைச் சொல்ல அன்று வழியில்லை. இன்று நம் கையிலுள்ள தொலைபேசியிலேயே எச்சரிக்கை வருகிறது. வருவதைக் கேட்பதற்குத்தான் மனம் வேண்டும்.

கேளாமல் போவதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தயக்கத்துடன் சொல்கிறேன். 2024 மே 6ஆம் நாள், குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். நம் வயதை ஒத்தவர்கள். அன்று புயல் இல்லை, மழை இல்லை. வந்தது 'கள்ளக்கடல்'. பல ஆயிரம் கி.மீ.க்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பலத்த காற்று எழுப்பும் நெடிய அலைகள், நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையை எட்டும். கரையில் காற்று இராது. வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென்று உயர்ந்து உள்ளே வரும். கள்ளனைப் போல வருவதால் மீனவர் இட்ட பெயர் அது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. அந்த நாட்களுக்கும் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. கடற்கரைக்கு வருகிற எல்லோர் காதுக்கும் அது எட்டுவதில்லை என்பதே வேதனை.

ஆகவே காலையில் அந்த மையத்தின் அறிவிப்பைப் பார்ப்பது எங்கள் முதல் வேலை. இரண்டாவது, கரையில் இருப்பவரைக் கேட்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் துறைமுகத்தில் நிற்கும்; மீனவர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பர். "அண்ணே, இங்க இறங்கலாமா?" என்று கேட்க இதைவிட நல்ல காலம் இல்லை. வேண்டாம் என்று அவர் தலையசைத்தால், பாறைமேல் ஏறிப் படம் எடுக்கவும் கூடாது.

பணம்

55 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்று நாங்களே தொட்டியை நிரப்பி ஓட்டி அளந்தோம். 1,600 கி.மீ.க்கு 29 லிட்டர். லிட்டர் 105 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 3,050 ரூபாய். இருவருக்கும் சாப்பாடு நாளொன்றுக்கு 500 வீதம் 5,000. ஒன்பது இரவுகளில் தொண்டியில் தோழனின் அத்தை வீடு, மதுரையில் அவன் அண்ணன் அறை. மீதி ஏழு இரவுக்கு 550 வீதம் 3,850. வண்டிச் செலவு 1,500. கையிருப்பு 3,000. ஆக மொத்தம் 16,400. தலைக்கு 8,200 ரூபாய்.

என் பங்கு, கார்த்திகை முதல் தை வரை விடுமுறை நாட்களில் காப்பிப் பழம் பறித்துச் சேர்த்தது. ஆகவே ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை பழம் என்று எனக்குத் தெரியும். கையிருப்பு 3,000ஐத் தனி உறையில் போட்டு, 'திரும்பும் பணம்' என்று மேலே எழுதியிருக்கிறோம்.

திரும்பும் விதிகள்

அப்பா கேட்ட வரியை, இப்போது ஒரு முழுப் பக்கமாக எழுதியிருக்கிறோம். நோட்டின் முதல் பக்கமும் அதுதான்.

ஒன்று: இருவரில் ஒருவருக்குத் தலை சுற்றினாலும் அன்றைய பயணம் அத்துடன் முடிந்தது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்ற சொல் செல்லாது.

இரண்டு: மாலை ஆறுக்குள் சேர வேண்டிய ஊர் வராவிட்டால், அருகிலுள்ள ஊரில் தங்க வேண்டும். விட்ட தூரத்தை மறுநாள் வேகத்தால் ஈடுகட்டக் கூடாது. ஓர் இடத்தைக் குறைத்து ஈடுகட்ட வேண்டும்.

மூன்று: திரும்பும் பணத்தைத் தொட்ட நாளே, திரும்பும் நாள்.

நான்கு: கள்ளக்கடல் எச்சரிக்கையோ புயல் எச்சரிக்கையோ இருந்தால், தூத்துக்குடியிலிருந்தே மதுரைக்குத் திரும்புவோம். குமரியும் முட்டமும் அங்கேயேதான் இருக்கும்.

ஐந்து: இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குத் தொலைபேசி. எந்த ஊர், எந்தத் தெரு என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் விதியை எழுதச் சொன்னவர் அம்மா.

முடிவுரை

எங்கள் சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் பழம்பெரும் பாறையால் ஆனது. அதே வகைப் பாறை நாகர்கோவில் பகுதியிலும் உண்டு என்று நூலகத்தில் படித்தேன். மலையுச்சியில் நான் கால் வைத்து வளர்ந்த பாறையின் உறவை, கடல் ஓரத்தில் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் அவா. ஆனால் தொடாமல் திரும்ப நேர்ந்தாலும் அதைத் தோல்வி என்று கருத மாட்டேன். வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக் பிடிப்பவன் விழுவான்; வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பவன் மறுபுறம் சேருவான். கொண்டை ஊசி வளைவில் கற்ற இந்தப் பாடம் பயணத்துக்கு மட்டுமா பொருந்தும்?

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சேலத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு மூன்று பேருக்குப் பேருந்துக் கட்டணம், ஓர் இரவு அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு. அம்மாவும் அப்பாவும் அலையில் நிற்கத் தகுந்த இடம் எது, எந்த நேரத்தில் நிற்கலாம் என்பதை இந்த முறை நேரில் பார்த்துக் குறித்துவர வேண்டும். அந்தப் பக்கத்தை நான் இன்னும் அவர்களிடம் வாசித்துக் காட்டவில்லை.